நகராட்சியில் ஒரு புகார் கொடுக்க வேண்டுமென்றால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு சிறிய நகராட்சியில், எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்தின் செயலாளராகப் பல வருடமாக இருக்கிறேன். சாக்கடை, குப்பை, வரி, சான்றிதழ் என்று கேட்க வருகிறவர்களின் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி, கடைசியில் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்களோ அப்படியே போட்டிருக்கிறேன். தமிழ்நாட்டு நகராட்சிகளை மனதில் வைத்து எழுதியது இது. பேரூராட்சிக்கும் மாநகராட்சிக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எங்க ஏரியா நகராட்சியா, பேரூராட்சியா, ஊராட்சியானே தெரியல. அது தெரிஞ்சே ஆகணுமா?

தெரிந்தே ஆக வேண்டும். 2022 பிப்ரவரி 19-இல் தேர்தல் நடந்தபோது தமிழ்நாட்டில் 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 490 பேரூராட்சிகள் இருந்தன. அதற்குப் பிறகு சில ஊர்கள் தரம் உயர்ந்தன, ஊரை ஒட்டிய சில ஊராட்சிகள் நகரத்தோடு சேர்ந்தன. அதனால் இருபது வருடமாக ஊராட்சி அலுவலகத்துக்குப் போய்ப் பழகியவர் இன்று வேறு கதவைத் தட்ட வேண்டியிருக்கலாம். வீட்டு வரி ரசீதின் தலைப்பைப் பாருங்கள், யாருக்கு வரி கட்டுகிறீர்களோ அவர்கள்தான் உங்கள் உள்ளாட்சி. நகராட்சியில் அதிகாரி ஆணையர், பேரூராட்சியில் செயல் அலுவலர்.

எது நகராட்சி வேலை, எது இல்லன்னு எப்படிப் பிரிக்கிறது?

என்னிடம் வரும் புகார்களில் பாதி தப்பான அலுவலகத்துக்குப் போய்த் திரும்பி வந்தவை. அதனால் இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். 1992-ஆம் ஆண்டின் 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நகர உள்ளாட்சிகளுக்கென்று 18 பொறுப்புகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் பட்டியல் போட்டது. ஆனால் பட்டியலில் இருப்பதெல்லாம் முழுசாக நகராட்சியின் கைக்கு வந்துவிடவில்லை. நடைமுறையில் நகராட்சி பார்ப்பது இவ்வளவு: குடிநீர் விநியோகம், குப்பை, தெருவிளக்கு, நகராட்சிச் சாலைகள், மழைநீர் வடிகால், பாதாளச் சாக்கடை, பொதுக் கழிப்பிடம், பூங்கா, தினசரிச் சந்தை, பேருந்து நிலையம், மயானம், பிறப்பு இறப்புப் பதிவு, கட்டட அனுமதி, சொத்து வரி.

பட்டா, வாரிசுச் சான்று, ரேஷன் அட்டை எல்லாம் நகராட்சியில் கிடைக்காது. முதல் இரண்டுக்கும் வட்டாட்சியர் அலுவலகம், ரேஷன் அட்டைக்கு உணவு வழங்கல் துறை. கரண்ட் போனால் மின்வாரியத்தின் மின்னகம், எண் 94987 94987. எல்லோரும் தடுமாறுவது இரண்டு இடத்தில். ஊருக்கு நடுவே போகும் பெரிய ரோடு பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறையுடையது, அதில் பள்ளம் விழுந்தால் நகராட்சிப் பொறியாளர் கை வைக்க முடியாது. இன்னொன்று மின்கம்பம். விளக்கு எரியவில்லை என்றால் நகராட்சி, கம்பம் சாய்ந்தாலோ கம்பி தொங்கினாலோ மின்வாரியம். கம்பி தொங்குவதைப் போய் நகராட்சியில் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள், அது உயிர் விஷயம்.

நூலகமும் இப்படித்தான். சொத்து வரியோடு நூலக வரி என்று ரூபாய்க்குப் பத்துப் பைசா வாங்குகிறார்கள், ஆனால் நூலகத்தை நடத்துவது நகராட்சி இல்லை, மாவட்ட நூலக ஆணைக்குழு. பணம் நம்முடையதுதான் என்பதால், கூரை ஒழுகினால் அவர்களிடம் தாராளமாகக் கேட்கலாம்.

கவுன்சிலர்ட்ட சொல்றதா, ஆணையர்ட்ட சொல்றதா? யார்ட்ட சொன்னா வேலை நடக்கும்?

ஏற்கெனவே இருக்கிற ஒன்று கெட்டுப்போயிருந்தால் அதிகாரி, புதிதாக ஒன்று வேண்டுமென்றால் கவுன்சிலர். குழாய் உடைந்தது, விளக்கு எரியவில்லை, குப்பை எடுக்கவில்லை என்பதெல்லாம் பராமரிப்பு, அதற்கு ஆட்களும் பணமும் அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்க வேண்டும். புதிய சாலை, புதிய வடிகால், பூங்கா என்றால் நகர்மன்றத்தில் தீர்மானம் வர வேண்டும், அதைக் கொண்டுவருகிறவர் கவுன்சிலர்.

அதிகாரி என்றாலும் நேராக ஆணையரின் அறைக்குத்தான் போக வேண்டும் என்று இல்லை. குப்பைக்குச் சுகாதார ஆய்வாளர், தண்ணீருக்கும் சாலைக்கும் பொறியியல் பிரிவு, வரிக்கு வருவாய்ப் பிரிவு, கட்டட விஷயத்துக்கு நகரமைப்புப் பிரிவு. சின்ன ஊரில் குழாய் திறந்துவிடும் ஃபிட்டரின் எண் உங்களிடம் இருந்தால் பாதிப் பிரச்சினை அன்றைக்கே தீர்ந்துவிடும். மூன்று நாளில் நடக்கவில்லை என்றால்தான் மேலே போங்கள்.

போன்ல சொன்னேன், சரின்னாங்க. அப்புறமும் ஏன் எழுதிக் கொடுக்கச் சொல்றீங்க?

போனில் சொன்னது சொன்னவருக்கும் கேட்டவருக்கும் மட்டும்தான் தெரியும். அவர் மாற்றலாகிப் போனால் அதோடு போயிற்று. எழுதிக் கொடுத்தால் தபால் பிரிவில் பதிவாகும், ஒரு எண் விழும், உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் போட்டுத் தருவார்கள். மனுவை எப்போதும் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். முத்திரை போட யோசித்தால் பணிவாகக் கேளுங்கள், தர மறுத்தால் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) பதிவு செய்து அனுப்பிவிடுங்கள். இந்தப் பக்கத்தில் பின்னால் சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் அந்த எண்ணும் தேதியும்தான் அடிப்படை.

மனு எழுதத் தெரியாது. என்ன எழுதணும்?

நான் முதன்முதலில் எழுதியது இரண்டு பக்கம். எங்கள் தெருவில் நீண்ட நாட்களாகச் சாக்கடைப் பிரச்சினை, பொதுமக்கள் பெரும் அவதி, உடனடி நடவடிக்கை வேண்டும் என்றெல்லாம் எழுதி, முப்பது பேரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்துப் போய்க் கேட்டால், எந்த இடம் என்று தெரியவில்லை என்று பொறியியல் பிரிவில் இருந்த உதவியாளர் சொன்னார், அவர் சொன்னது நியாயம்தான். அடுத்த மனு ஐந்தே வரி. வார்டு எண், தெருப் பெயர், எந்தக் கதவு எண்ணுக்கும் எந்தக் கதவு எண்ணுக்கும் நடுவே சிறுபாலம் அடைத்திருக்கிறது, எந்தத் தேதியிலிருந்து, மழை பெய்தால் எத்தனை வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது. ஒரு புகைப்படம். அந்த வாரமே ஆள் வந்தார்கள்.

ஒரு மனுவில் ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும். விளக்கு, குப்பை, நாய் மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் அது மூன்று பிரிவுக்கும் சுற்றி எங்கோ ஒரு மேசையில் நின்றுவிடும். அப்புறம், பழைய மாதிரி மனுக்களைப் பார்த்து 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் பிரிவுகளை இன்னும் சிலர் எழுதுகிறார்கள். 2023 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருப்பது 1998-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன் 2023 விதிகளும். பிரிவு எண் தெரியாவிட்டால் எழுதவே வேண்டாம், இடமும் தேதியும் சரியாக இருந்தால் போதும்.

நேரா 1100-க்கு போன் போட்டா சீக்கிரம் நடக்கும்னு சொல்றாங்களே?

முதல்வரின் உதவி மைய எண்ணான 1100-இல் சொன்னாலும், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தாலும், மனு சுற்றிக்கொண்டு அதே நகராட்சிக்குத்தான் வரும். மேலே இருப்பவர் உங்கள் தெருவுக்கு வந்து அடைப்பு எடுக்கப்போவதில்லை. ஆனால் மேலிருந்து வந்த மனுவுக்கு அவர்கள் பதில் எழுதியாக வேண்டும், அந்த அழுத்தத்துக்கு மதிப்பு உண்டு. அதனால் முதலில் நகராட்சியில் கொடுத்து, பதினைந்து இருபது நாள் பார்த்துவிட்டு, அந்த மனு எண்ணைக் குறிப்பிட்டு மேலே போவதுதான் சரி.

வேலை நடக்காமலே தீர்வு காணப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்தால் மனம் விட்டுவிடாதீர்கள். அன்றைய தேதியோடு புகைப்படம் எடுத்து, பழைய எண்ணைச் சொல்லி மறுபடி பதிவு செய்யுங்கள். களத்துக்கு வராமலே எழுதப்பட்ட பதில் என்பது இரண்டாவது முறையில் வெளிப்பட்டுவிடும்.

எதுக்குப் போனாலும் நிதி இல்லங்கிறாங்க. நிஜமாவே இல்லையா?

பல நேரம் நிஜம். சின்ன நகராட்சியில் சம்பளம், ஓய்வூதியம், தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்கும் தெருவிளக்குக்குமான மின்கட்டணம் போக மிஞ்சுவது கொஞ்சம்தான். பெரிய வேலைகளெல்லாம் மாநில, மத்திய அரசுத் திட்ட நிதி வந்தால்தான் நடக்கும்.

ஆனால் அந்தப் பதிலோடு திரும்பி வராதீர்கள். மதிப்பீடு தயாரித்தாகிவிட்டதா, மன்றத்தில் தீர்மானம் ஆகிவிட்டதா, தொழில்நுட்ப அனுமதி வந்துவிட்டதா, டெண்டர் விட்டாகிவிட்டதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மதிப்பீடே போடாத வேலைக்கு நிதி எப்படி வரும்? எங்கள் தெருச் சாலை விஷயத்தில் நிதி இல்லை என்றே இரண்டு வருடம் கேட்டுக்கொண்டிருந்தோம், கடைசியில் பார்த்தால் யாரும் அளவெடுக்கவே வரவில்லை.

நான் வாடகை வீட்டுல இருக்கேன், வரி கட்டுறது ஓனர். நான் புகார் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். குடியிருப்பவர் என்பதே போதும். வீட்டுக்காரர் வரி பாக்கி வைத்திருந்தாலும் தெருவிளக்கைப் பற்றிக் கேட்கும் உரிமை உங்களுக்குப் போகாது.

சொத்து வரி ஏன் இவ்வளவு ஏறிடுச்சு? குறைக்க வழி இருக்கா?

2022-23 முதல் அரையாண்டிலிருந்து குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1200 வரை 50, 1201 முதல் 1800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று உயர்த்தினார்கள். அந்த விகிதத்தை உங்கள் ஒருவருக்காகக் குறைக்க முடியாது. ஆனால் அளவு தப்பாக இருந்தால் திருத்தலாம். வரி ஏறிவிட்டது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, ரசீதில் இருக்கும் சதுர அடியும் வீட்டின் சதுர அடியும் ஒன்றா என்பதுதான். இடித்துவிட்ட மாடிக்கும், குடியிருப்பாக மாறிவிட்ட பழைய கடைக்கும் வரி ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். மறு அளவீடு கேட்டு வருவாய்ப் பிரிவில் மனு கொடுங்கள்.

ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் அந்தந்த அரையாண்டு வரியைக் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதமானால் மாதம் 1 சதவீதம் வட்டி. இன்னொன்றும் சொல்ல வேண்டும், வரி ரசீதில் பெயர் இருப்பது அந்த வீடு உங்களுடையது என்பதற்கு அத்தாட்சி ஆகாது. பத்திரமும் பட்டாவும் வேறு.

பையன் பிறந்தது வேற ஊர் ஆஸ்பத்திரியில. எங்க ஊர்ல சான்றிதழ் தர மாட்டேங்கிறாங்க.

தர முடியாது, அவர்கள் மேல் தப்பில்லை. பிறப்பும் இறப்பும் நடந்த இடத்தில்தான் பதிவாகும், குடியிருக்கும் இடத்தில் இல்லை. பிரசவத்துக்குத் தாய்வீடு போய் அங்கே குழந்தை பிறந்தால் அந்த ஊர்தான். பதிவானதை இணையத்திலேயே எடுத்துக்கொள்ளலாம் என்பதால் முன்போல அலைச்சல் இல்லை.

21 நாளுக்குள் பதிவு இலவசம். அதற்குப் பிறகு தாமதக் கட்டணம், ஒரு வருடம் தாண்டினால் கோட்டாட்சியர் உத்தரவு வரைக்கும் போக வேண்டும். பெயர் வைக்காமலும் பதிவு செய்யலாம், 12 மாதத்துக்குள் பெயரை இலவசமாகச் சேர்க்கலாம், கட்டணத்தோடு 15 வருடம் வரை. பள்ளியில் சேர்க்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளி, கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதி ஆதாரம் இந்தச் சான்றிதழ்தான். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று வாங்கிய அன்றைக்கே பாருங்கள்.

நாங்க பிரிச்சுத்தான் குடுக்கிறோம், ஆனா வண்டியில ஒண்ணாக் கொட்டிடறாங்க. அப்புறம் எதுக்குப் பிரிக்கணும்?

கோபம் வருவது சரிதான். ஆனால் அந்த வண்டியோடு வரும் பெண்மணி அதை விரும்பிச் செய்வதில்லை. தடுப்பு இல்லாத வண்டியைக் கொடுத்து, அளவுக்கு மேல் வீடுகளையும் கொடுத்தால் அவர் வேறு என்ன செய்ய முடியும்? வண்டியில் தடுப்பு வேண்டும் என்று சுகாதாரப் பிரிவுக்கு எழுதுங்கள், வண்டி எண்ணையும் நேரத்தையும் குறிப்பிட்டு. அந்தப் பெண்மணியின் பெயரை எழுதாதீர்கள். பல ஊரில் தூய்மைப் பணியாளர்கள் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள், ஒரு புகாரில் வேலை போய்விடும், வண்டி அப்படியேதான் இருக்கும்.

நீங்கள் மட்டும் பிரிப்பதை நிறுத்த வேண்டாம். 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகளிலிருந்தே வீட்டிலேயே பிரித்துக் கொடுப்பது நம் கடமை. குறைந்தபட்சம் டயப்பரையும் நாப்கினையும் உடைந்த கண்ணாடியையும் தனியாகச் சுற்றிக் கொடுங்கள், அதைக் கையால் எடுப்பவர் ஒரு மனிதர்.

செப்டிக் டேங்க் நிறைஞ்சிடுச்சு. ஆளைக் கூப்பிட்டா இறங்கிச் சுத்தம் பண்றேங்கிறார், நகராட்சி வண்டி லேட்டாகுமாம்.

இறக்காதீர்கள். எவ்வளவு அவசரமாக இருந்தாலும், அவரே சம்மதித்தாலும், வேண்டாம். தொட்டிக்குள் இருக்கும் வாயு ஒருவரைக் கொல்ல சில நிமிடம் போதும், காப்பாற்ற இறங்குகிறவரும் சேர்ந்து சாகிறார். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது குற்றம், இறக்கிய வீட்டுக்காரரும் தப்ப முடியாது. இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணம் வந்தாலும் ஆள் வரமாட்டார்.

14420 என்ற எண்ணில் கழிவுநீர் உறிஞ்சும் வண்டிக்குப் பதிவு செய்யலாம். தனியார் வண்டி என்றால் நகராட்சி உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள், உரிமம் இல்லாத வண்டி நீங்கள் கொடுத்ததை ஏதாவது ஓடையில் கொட்டிவிட்டுப் போகும்.

தெருநாய் தொல்லை தாங்கல. பிடிச்சிட்டுப் போயி மறுபடி இங்கயே விடுறாங்களே, இது என்ன நியாயம்?

விதி அப்படி. 2023-ஆம் ஆண்டு விலங்குகள் கருத்தடை விதிகளின்படி, பிடித்து, கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது, வெறிபிடித்தவற்றையும் மூர்க்கமானவற்றையும் தவிர. அந்த வருடம் நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு மைதானம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகியவற்றில் பிடித்த நாய்களைத் திரும்ப அங்கே விடக் கூடாது என்றும் உத்தரவிட்டது.

அதனால் நாய்களை அகற்றுங்கள் என்று எழுதினால் முடியாது என்று பதில் வரும். எங்கள் தெருவில் இத்தனை நாய்கள், கருத்தடை ஆகவில்லை என்று எழுதுங்கள். ஆன நாய்க்குக் காதில் வெட்டு அடையாளம் இருக்கும், பார்த்து எண்ணலாம். கடித்திருந்தால் மனு அப்புறம், முதலில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் ரோட்டுல படி இழுத்துக் கட்டிட்டார். எம் பேர் வெளிய வராம புகார் குடுக்கலாமா?

பெயரில்லாத மனுவைப் பெரும்பாலும் கிடப்பில் போட்டுவிடுவார்கள், பெயரோடு கொடுத்தால் சின்ன ஊரில் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். சங்கத்தின் பெயரில், தெரு முழுவதையும் அளந்து ஆக்கிரமிப்பை எடுங்கள் என்று கொடுப்பதுதான் நடைமுறையில் நல்லது. அப்போது உங்கள் வீட்டுச் சாய்வும் அளவுக்கு வரும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் தெருவில் அதனாலேயே பாதிப் பேர் கையெழுத்துப் போடாமல் போய்விட்டார்கள்.

இதே கேள்வியைத் தள்ளுவண்டிக்காரர்களை வைத்தும் கேட்கிறார்கள். அது வேறு. 2014-ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுப்பு முடித்துச் சான்று கொடுக்கும்வரை அவர்களை அப்புறப்படுத்தக் கூடாது, எங்கே விற்கலாம் என்பதை முடிவு செய்யும் குழுவில் அவர்களுக்கு 40 சதவீத இடமும் உண்டு. பாதை அடைபடுகிறது என்றால் இடம் ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள், விரட்டச் சொல்லி அல்ல.

ஏரியா சபைன்னு ஒண்ணு இருக்காமே?

கிராம சபை மாதிரி நகரத்துக்கு. வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து, அந்தந்தப் பகுதி வாக்காளர்கள் கவுன்சிலரோடு உட்கார்ந்து பேசுவது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று தமிழ்நாட்டில் தொடங்கியது. பலருக்குத் தெரியாததால் பத்துப் பேர்கூட வருவதில்லை, ஆனால் அந்தப் பத்துப் பேர் சொன்னதுதான் பதிவாகிறது. போங்கள். மேலே சொன்ன புதிய வேலைகளுக்குச் சரியான இடம் இதுதான்.

மனு குடுத்து மூணு மாசம் ஆச்சு, ஒரு பதிலும் இல்ல. ஆர்டிஐ போடலாமா?

போடலாம், ஆனால் ஏன் செய்யவில்லை என்று கேட்காதீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் இருக்கிற ஆவணத்தைத்தான் தருவார்கள், விளக்கம் தரமாட்டார்கள். இன்ன தேதியில் இன்ன எண்ணில் பதிவான என் மனு மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையின் கோப்பு நகல் வேண்டும் என்று கேளுங்கள். முத்திரை போட்ட நகல் இங்கேதான் உதவும். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் நகர்ந்துகொடுக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். என் அனுபவத்தில் பாதி வேலைகள் ஆர்டிஐ மனு போய்ச் சேர்ந்த வாரத்தில், பதில் வருவதற்கு முன்பே நடந்துவிடுகின்றன.

காசு கேட்டா என்ன பண்றது?

கொடுப்பதற்கு முன்னாலேயே மாவட்ட லஞ்ச ஒழிப்புப் பிரிவுக்குப் போங்கள், கொடுத்துவிட்டுப் போனால் நிரூபிப்பது கஷ்டம். உள்ளாட்சி முறைகேடுகளை விசாரிப்பதற்கென்றே 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி முறைமன்ற நடுவம் என்ற அமைப்பும் இருக்கிறது. வேலை தாமதம் என்பதற்காக அங்கே போக வேண்டாம், போடாத ரோட்டுக்குப் பில் போட்டது மாதிரியான விஷயங்களுக்குப் போங்கள்.

கவுன்சிலர் பதவிக்காலம் முடிஞ்சு, தேர்தலும் நடக்கலன்னா யார்ட்ட போறது?

பயந்து கேட்கிற கேள்வி இது, காரணமும் இருக்கிறது. 2016 அக்டோபரில் மன்றங்களின் காலம் முடிந்து, 2022 பிப்ரவரி வரை நகரங்களுக்குத் தேர்தலே நடக்கவில்லை, ஐந்து வருடத்துக்கு மேல் தனி அலுவலர்கள்தான். அந்த நாட்களில் தீர்மானம் போட வேண்டியவரும் நிறைவேற்ற வேண்டியவரும் ஒரே அதிகாரி, தெருவுக்கென்று பேச ஆள் இல்லை. எங்கள் தெரு வடிகாலுக்கு அப்போது நாங்கள் செய்ய முடிந்தது ஒன்றுதான், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அதே மனுவைத் தேதி மாற்றிக் கொடுத்து முத்திரை வாங்கி வைத்தோம். 2022-இல் புதிய கவுன்சிலர் வந்ததும் அந்தக் கட்டை அப்படியே அவர் கையில் கொடுத்தோம். அவர் பேச்சு எதுவும் பேசவில்லை, தேதிகளை மட்டும் மன்றத்தில் வரிசையாகப் படித்தார். அடுத்த மழைக்கு முன்னால் வடிகால் வந்தது.